நரையும் வெள்ளியும்

1996-ல் எங்கள் அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. ஐம்பது வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரர்கள் மலேசியாவுக்கு வந்து மிச்சக் காலத்தை நிம்மதியாகக் கழிக்கலாம். 'வெள்ளிமுடித் திட்டம்' என்று அதற்குப் பெயர். எங்கள் பக்கத்துத் தமிழில் ரிங்கிட்டை வெள்ளி என்போம். ஒரு தட்டு மீ கோரேங் இத்தனை வெள்ளி, பஸ்சுக்கு இத்தனை வெள்ளி. ஆகவே முடியில் வெள்ளி இருந்தால் போதாது, மடியிலும் இருக்க வேண்டும் என்பதைத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேமரன் மலையில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். எழுபத்தொரு வயது. தலை, பிரித்துப் போட்ட இலவம்பஞ்சு. முடியை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதாக இருந்தால் முதல் கடிதம் அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். மலை இங்கேயே இருக்கிறது, குளிர் இங்கேயே இருக்கிறது, பதினாலு வயதிலிருந்து கொழுந்து பறித்த தேயிலையும் இங்கேயே இருக்கிறது. விமான டிக்கெட்கூட வேண்டாம். ஒரே ஒரு குறை, அத்தை வெளிநாட்டுக்காரி கிடையாது. அதிலும் ஒரு சிக்கல். உள்நாட்டுக்காரி என்றும் அறுபத்தாறு வயது வரை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

2002-ல் வெள்ளிமுடிக்குச் சாயம் பூசி வேறு பெயர் வைத்தார்கள்: 'மலேசியா எனது இரண்டாவது இல்லம்'. சுருக்கமாக எம்எம்2எச். இன்றைய நிலவரப்படி அதில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிகள் உண்டு. நகைக்கடைச் சீட்டு மாதிரிதான். வெள்ளிப் படிக்கு ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்புத்தொகை, ஆறு லட்சம் வெள்ளிக்குக் குறையாத வீடு, ஐந்து வருட விசா. பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம் டாலர், இருபது லட்சம் வெள்ளிக்கு வீடு, இருபது வருடம். பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டி வரலாம், தாய் தகப்பனையும் கூட்டி வரலாம், வீட்டு வேலைக்கு ஆளும் வைத்துக்கொள்ளலாம். மனுஷனுக்கு வயதான காலத்தில் வேறென்ன வேண்டும்?

போன வருஷக் கடைசியில் அத்தையைப் பார்க்கப் போனபோது, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்காருகிற ஒரு கடையில் இரண்டாவது இல்லத்துக்கு ஆள் சேர்க்கிற ஓர் ஏஜெண்டுப் பையன் மாட்டினான். மாட்டினது நான்தான் என்றும் சொல்லலாம். நம் பையன், நெற்றியில் விபூதிக் கீற்று, கையில் டேப்லெட். என் சட்டையைப் பார்த்து என்ன முடிவுக்கு வந்தானோ, "சார் சிங்கப்பூரா?" என்றான். உள்நாடு, ஈப்போ என்றால் எழுந்து போய்விடுவான் என்று சும்மா தலையாட்டினேன். ஒரு வண்ணப் புத்தகத்தை விரித்தான். பதினெட்டு டிகிரி குளிர், மின்விசிறி தேவையில்லாத வீடு, ஸ்ட்ராபெரி, ரோஜா. வருஷமெல்லாம் வசந்தமாம். நடுப்பக்கத்தில் சேலை கட்டி முதுகில் கூடை சுமந்த ஒரு தமிழ்ப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். 'அன்பான உள்ளூர் மக்கள்' என்று கீழே போட்டிருந்தது.

"இது எப்ப எடுத்த படம் தம்பி?"

"ஸ்டாக் போட்டோ சார்."

எங்களுக்கு நேர் கீழே, சரிவில் இரண்டு பேர் கொழுந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தேயிலை மேட்டின் மேல் ஓட்டிக்கொண்டு போகிற இயந்திரம். பின்னால் பாம்புச் சட்டை மாதிரி ஒரு பை உப்பிக்கொண்டே வரும். கூடையும் கிடையாது, சேலையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது. காதை அடைக்கிற சத்தம். இருவரும் வங்காளதேசத்துப் பையன்கள். படத்தில் சிரிக்கிற பெண்ணின் நிஜமான ஆள், வயதாகி, தோட்டத்து லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, கீழே எங்கேயோ மலிவு விலைப் பிளாட்டில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார். புத்தகத்தில் அதற்குப் பக்கம் ஒதுக்கவில்லை.

பையன் பேசப் பேச எனக்கு ஒரு பழைய ஆளின் ஞாபகம் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் பிடித்த கங்காணி. அவரும் இப்படித்தான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தார். அவரும் ஒரு வெப்பமண்டல நாட்டைப் பற்றித்தான் பேசினார். மரத்தைச் சுரண்டினால் காசு கொட்டும், மலையைத் தொட்டால் பொன் உதிரும் என்றார். கப்பல் கூலி இலவசம். 1907-ல் தொடங்கிய தமிழர் குடியேற்ற நிதி அதைப் பார்த்துக்கொண்டது. ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ முகாமில் சேர்த்து, கப்பலேற்றி, பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்கு அடைத்து வைத்து, பிறகு தோட்டத்தில் இறக்குவார்கள். எத்தனை தலை வேலைக்குப் போகிறதோ அத்தனை தலைக்கும் கங்காணிக்குக் காசு. 1938-ல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தும்வரை இந்தத் தொழில் அமோகமாக நடந்தது. இன்றைய ஏஜெண்டுக்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு. ஒரு வித்தியாசம்: கங்காணி கூட்டி வந்தவர்கள் அறுபது எழுபது வருஷம் உழைத்த பிறகும் விருந்தாளி, இவன் கூட்டி வருகிறவர் வைப்புத்தொகை கட்டின மாதமே வீட்டுக்காரர்.

கேமரன் மலை பிறந்ததே பிறர் ஓய்வெடுப்பதற்காகத்தான். 1885-ல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்தப் பக்கம் வந்து போனார். அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்த நூற்றாண்டின் இருபதுகளில், சமவெளி வெயிலில் வெந்துபோன துரைமார்களுக்கு ஒரு மலைவாசம் வேண்டும் என்று தாப்பாவிலிருந்து காட்டை வெட்டிப் பாதை போட்டார்கள். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார், 1933-ல் பாரத் தேயிலை வந்தது. குளிருக்குக் கணப்பு, வெள்ளைச் சுவரில் பழுப்பு மரச்சட்டம், புல்வெளியில் ரோஜா என்று இங்கிலாந்துக் கிராமத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்னும் அந்த மாதிரி விடுதி உண்டு. உள்ளே போனால் எந்த வருஷம் என்று சந்தேகம் வரும். எனக்கு வந்தது. வேலைக்காரப் பையன் 'யெஸ் சார்' என்றபோது, 1935 என்று தோன்றியது.

இந்த மலை ஓய்வுக்கு வருகிறவர்களை எவ்வளவு மதிக்கும் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்ப்சன், நண்பர்களோடு விடுமுறைக்கு வந்த இடத்தில் மூன்லைட் பங்களாவிலிருந்து உலாவப் போனார், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஒராங் அஸ்லி பழங்குடி வழிகாட்டிகள், மந்திரவாதிகள் எல்லாரும் காட்டைச் சல்லடை போட்டார்கள். இன்றைக்கும் புத்தகம் எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். சுற்றுலாக்காரனுக்கு அவர் நடந்த பாதையைக் காட்டுகிறார்கள்.

சயாமிலிருந்து வந்து மலாயாவில் காணாமல் போனவர் ஒருவர். மலாயாவிலிருந்து போய்ச் சயாமில் காணாமல் போனவர்கள் பல்லாயிரம் பேர். ஜப்பானியர் காலத்தில் தோட்டம் தோட்டமாக லாரியில் ஏற்றி, சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன தமிழர்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்து, தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே புதைந்தார்கள். அவர்களைத் தேடி எந்த மந்திரவாதியும் போகவில்லை. என் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். வீட்டில் அவருக்குப் போட்டோகூட இல்லை, சாமி கும்பிடும்போது ஒரு டம்ளர் தேத்தண்ணி வைப்போம். இதை ஜப்பானிய முதியவர்கள் மேல் கோபத்தில் எழுதவில்லை. கேமரன் மலைக்குக் கோடையில் வந்து தங்குகிற ஜப்பானியப் பெரியவர்கள் சாதுவானவர்கள், நடைப்பயிற்சி செய்வார்கள், குனிந்து வணக்கம் சொல்வார்கள். நீண்ட நாள் தங்குவதற்கு ஜப்பானியர்கள் விரும்பும் நாடுகளில் 2006 முதல் வருஷக்கணக்காக மலேசியாதான் முதலிடத்தில் இருந்தது. வாருங்கள், இருங்கள். வந்தவர்களிடம் எனக்கு வழக்கு இல்லை. வாசலில் குத்துவிளக்கேற்றி அவர்களை வரவேற்றுவிட்டு, பின்கட்டில் இருந்தவர்களைச் சாமானோடு வெளியே வைத்த வீட்டுக்காரரிடம்தான் எனக்குப் பேச்சு.

2021-ல் ஒரு கூத்து நடந்தது. அரசாங்கம் இரண்டாவது இல்லத்துக்கு நிபந்தனையை இறுக்கியது. மாத வருமானம் பத்தாயிரம் வெள்ளி என்று இருந்ததை நாற்பதாயிரம் ஆக்கியது. பத்து லட்சம் வெள்ளி வைப்புத்தொகை. வருஷத்தில் தொண்ணூறு நாளாவது இங்கே இருக்க வேண்டும். ஐயோ, என்ன ஒப்பாரி! பத்திரிகைகளில் தினமும் கண்ணீர்க் கட்டுரை. இது மனிதாபிமானமா, வயதானவர்களை இப்படி அலைக்கழிக்கலாமா, வேரோடு பிடுங்கினால் எங்கே போவார்கள் என்று. ஜொகூர் சுல்தானே வெளிப்படையாகக் கண்டித்தார். நியாயம்தான். வயதானவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்பதை இந்த நாடு இவ்வளவு உருக்கமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த வருஷம் மாநகர், நகராட்சி எல்லைக்கு வெளியே குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,100 வெள்ளி. நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்தச் சம்பளத்தில் ஒரு காசு செலவழிக்காமல், சோறு தின்னாமல், பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்காமல் சேர்த்தால் பத்து லட்சம் சேர 75 வருஷமும் 9 மாதமும் ஆகும். பிறந்த அன்றே கொழுந்துக் கூடையை மாட்டிவிட்டால் எழுபத்தாறாவது வயதில் நம்மாளும் இரண்டாவது இல்லத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதல் இல்லம் எங்கே என்று யாரும் கேட்காமல் இருக்க வேண்டும்.

அத்தையின் கணக்கு இதைவிடச் சுலபம். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று அமலுக்கு வந்தது 2013 ஜனவரியில், தீபகற்பத்தில் 900 வெள்ளி. அத்தை ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றது 2009-ல். நாற்பத்தொரு வருஷம் வேலை செய்துவிட்டு, சட்டம் வருவதற்கு நாலு வருஷம் முன்பாகப் பத்திரமாக வெளியேறிவிட்டார். சேமநிதிப் பணத்தை எடுத்தார். மகன் கல்யாணக் கடன் அடைந்தது. அவர் பறித்த கொழுந்து எத்தனை ஆயிரம் கிலோ என்று கேட்டால், "மழைல நனைஞ்ச கொழுந்துக்குக் கிராணி எடை கழிப்பாருடா, அதையும் சேத்துக்கணுமா?" என்கிறார். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா.

ஓய்வு என்ற சொல்லைக் கவனியுங்கள். வெளிநாட்டுத் துரை ஓய்வு பெற்றால் இந்த மலைக்கு வருகிறார். தோட்டத்து ஆள் ஓய்வு பெற்றால் தோட்டத்தை விட்டு இறங்குகிறார். லயத்து வீடு வேலைக்குத்தானே கொடுத்தது? வேலை முடிந்தால் சாவி. அத்தைக்குக் கொடுத்த கெடு முடிந்த அன்று, வாசலில் அவர் வைத்திருந்த முருங்கையை வேரோடு எடுக்க முடியவில்லை. ஒரு கிளையை ஒடித்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். தானா ராத்தாவில் மகன் எடுத்த வாடகை வீடு மூன்றாவது மாடி. கிளையை நடத் தரையில்லை.

இனி அந்த உள்நாட்டுக்காரி சிக்கல், அதாவது ஐசி என்கிற அடையாள அட்டை விவகாரம். அத்தை 1954-ல் தோட்டத்தில் பிறந்தவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகை ஆயாதான் மருத்துவச்சி. பதிவு செய்யக் கிராணி மறந்தாரோ, தாத்தாவுக்குத் தெரியவில்லையோ, பிறப்புப் பத்திரம் இல்லை. ஆகவே சிவப்பு ஐசி, நிரந்தரவாசி. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது. சிவப்பு ஐசியின் கனம் எங்கள் ஆட்களுக்குத்தான் தெரியும். 1968-ன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவனுக்கு வேலை செய்யப் பர்மிட் வேண்டும் என்று ஆனபோது, அறுபதாயிரம் பேர் போல மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதில் பலர் அந்த நாட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள்.

அரசியலமைப்பின் 19-ஆம் விதி, குடியுரிமைக்கு மனுப் போடுகிறவருக்கு மலாய் மொழி போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. சரி, நல்ல விதிதான். அத்தை சந்தையில் மலாயில் பேரம் பேசினால் வியாபாரி கண்ணீர் விடுவான். ஆனால் ஓர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் குளிரூட்டிக்குக் கீழே உட்கார்ந்து ஒருத்தர் மாநில மந்திரி பெசார், அதாவது முதலமைச்சர் பெயர் என்ன என்று கேட்டதும் அத்தைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "அடுத்த தடவை படிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது இல்லத்துக்காரருக்கு மலாய் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. நன்றிக்கு ஒரு 'தெரிமா காசே' சொன்னால் பத்திரிகையில் படம் போடுவார்கள்.

2018-ல் புது அரசாங்கம் வந்தது. அறுபது வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தரப்படும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஜனவரியில் கேமரன் மலையில் இடைத்தேர்தல்; மலைக்கு வராத தலைவர் இல்லை. பிரிஞ்சாங் தண்டாயுதபாணி சன்னிதியில் அன்றைக்கு முருகனுக்கே மூச்சுத் திணறியிருக்கும். அத்தை பெயரும் எப்படியோ ஒரு பட்டியலில் ஏறி, 2020-ல் குடிமக்களுக்கான நீல ஐசி வந்தது. பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். அத்தை அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வச்சு லயத்தைத் திருப்பிக் கேக்கலாமா?" என்றார்.

இப்போது சரிவில் இயந்திரம் ஓட்டுகிற வங்காளதேசத்துப் பையனுக்கு வருவோம். அவன் கையில் இருப்பதும் ஒரு பாஸ்தான். பெயரிலேயே தற்காலிக வேலைக்கான 'வருகை' பாஸ் என்று இருக்கிறது. இரண்டாவது இல்லத்துக்காரரிடம் இருப்பதும் வருகைப் பாஸ்தான். இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு விருந்தாளிகள். ஒரு விருந்தாளி பெண்டாட்டி, பிள்ளை, அப்பா, அம்மா, வேலைக்காரி சகிதம் வரலாம். இன்னொரு விருந்தாளி பெண்டாட்டியைக் கூட்டி வரக் கூடாது, இங்கே யாரையும் கல்யாணம் கட்டக் கூடாது. அதே பாஸில் வேலைக்கு வருகிற பெண்ணாக இருந்து மருத்துவச் சோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த விமானம். என் தாத்தாவைக்கூட வெள்ளைக்காரன் குடும்பத்தோடு வர விட்டான் என்று சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். சுதந்திரம் வாங்கி நாம் கங்காணிமுறையைத் திருத்தியிருக்கிறோம். வேர் பிடிக்கிற தொல்லை இனிமேல் இல்லை.

இது மலேசியாவின் தனிச்சொத்து என்று நினைத்துப் பெருமைப்பட வேண்டாம். இலங்கையிலும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய வெளிநாட்டுக்காரருக்கு 'எனது கனவு இல்லம்' என்று ஒரு விசாத் திட்டம் போட்டார்கள். 1948-ல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்து, 1964-ல் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு இரண்டு நாடுகளும் மாட்டுச்சந்தை மாதிரி தலைக்கணக்குப் பங்கு பிரித்து, மிச்சமிருந்தவர்களை இன்றும் பெரும்பாலும் லயத்துக் காம்பராவில் விட்டு, துண்டு நிலம் தருகிறோம் என்று பேசிக்கொண்டே இருக்கிற தேசம் அது. கனவு, இல்லம் என்ற இரண்டு சொற்களை ஒன்றாகச் சேர்க்க அந்த அரசாங்கத்துக்குக் கை கூசவில்லை. தேயிலை எங்கே விளைந்தாலும் விளம்பரம் எழுதுகிறவன் ஒரே ஆள்தான் போலிருக்கிறது.

ஏஜெண்டுப் பையன் கடைசியில் முதலீடு பற்றி ஆரம்பித்தான். மலைவீட்டின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் சார், இறங்கவே இறங்காது என்றான். விலை இறங்காது, மண்தான் இறங்கும் தம்பி என்றேன். 2013 அக்டோபரில் சுல்தான் அபு பக்கார் அணையைத் திறந்துவிட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் தண்ணீர் புகுந்ததும், அடுத்த வருஷமே ரிங்லெட் பக்கம் சேறு இறங்கியதும், உயிர்கள் போனதும் அவனுக்குத் தெரியும். "அதெல்லாம் கீழ சார், நம்ம பிராஜெக்ட் மேல" என்றான். இந்த மலையில் எல்லாத் துன்பமும் கீழேதான் நடக்கும். அந்தக் கடையில் தின்ற ஸ்கோனுக்குக் காசு நான்தான் கொடுத்தேன். கோபத்தோடு தின்றாலும் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் அத்தையோடு வேலைக்குப் போனேன். ஆமாம், எழுபத்தொன்றில் வேலை. ஓர் அடுக்குமாடியில் எட்டாவது மாடி வீடு, ஐரோப்பியத் தம்பதியின் இரண்டாவது இல்லம். வருஷத்தில் ஆறேழு வாரம் வருவார்கள், மற்ற நாள் பூட்டு. பூட்டிக் கிடந்தால் இந்த மலையில் வீடு தாங்காது. சுவரில் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பூக்கும், பெட்டியில் வைத்த செருப்பு பச்சை நிறமாகும், மெத்தை நாறும். அதற்காக வாரம் ஒரு தடவை அத்தை போய், ஜன்னல்களைத் திறந்து, குளோராக்ஸ் போட்டுச் சுவரைத் துடைத்து, மூன்று நான்கு மணி நேரம் வீட்டுக்குள் இருந்துவிட்டு வர வேண்டும். "வீட்டுக்கு மனுஷ மூச்சு வேணுமில்லடா" என்றார். மகன் வீட்டில் இரண்டு அறையில் ஏழு பேர் மூச்சு விடுகிறார்கள். இங்கே மூச்சு விட ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

சோபாவில் உட்காருங்களேன் என்றேன். கேட்காத மாதிரி பால்கனிக் கதவருகே தரையில் உட்கார்ந்து பிளாஸ்க்கைத் திறந்தார். டீத்தூள் கம்மி, சீனி ஜாஸ்தி. அப்போது அத்தையின் போன் அடித்தது. வீட்டுக்காரர். வீடியோவில் முகம், நல்ல மனுஷன், முடியெல்லாம் வெள்ளை. சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்டார், காட்டினோம். பிறகு, வெளியே கொஞ்சம் காட்ட முடியுமா, இங்கே ஒரே பனி என்றார். அத்தை போனைப் பால்கனிப் பக்கம் திருப்பிப் பிடித்தார். எதிரே சரிவு முழுக்கத் தேயிலை, வெயில் விழுந்து பச்சை மின்னியது. அவர் பெருமூச்சு விட்டு ஏதோ சொன்னார்.

"என்னாடா சொல்றாரு?"

"ரொம்ப அழகா இருக்காம், அத்தை. நீங்க குடுத்து வச்சவங்களாம்."

"அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம் தெரியிற வரிசை அத்தனையும் நாங்க நட்ட கன்னுன்னு சொல்லு. மாசமா இருந்தப்ப நட்டது, பெரியவன் வயித்துல."

சொல்லத் தொடங்கினேன். பாதியில் படம் உறைந்து நின்றுவிட்டது. லைன் போனது அங்கேயா இங்கேயா தெரியவில்லை. அத்தை போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்த ஆரம்பித்தார். நாலு மணிக்கு மேல் மூடுபனி இறங்கிவிடும். திறந்து கிடந்தால் துடைத்த சுவர் மறுபடி ஈரமாகும்.